சுருக்கிச் சொன்னது

எட்டு மணிக்கெல்லாம் மண்டபத்தில் நாற்காலி போட்டாகிவிட்டது.
மேடையில் நாட்டின் கொடி, மாநிலத்தின் கொடி,
மூன்றாவதற்கு ஓட்டை மட்டும் இருந்த மரக்கட்டை.
இந்தியக் கொடி தாப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நான் சிலிம் ரிவரில் நில அலுவலகக் கிராணி.
இரண்டு மொழியும் தெரியும் என்பதால் அன்றைக்கு மட்டும்
கழுத்தில் அட்டை, கையில் மைக்.
ஒப்பந்தம் முந்தின நாள்தான் வந்தது,
பதினோரு பக்கம், மலாயில்.
சுற்றுலா, செம்பனை எண்ணெய், மருத்துவமனை, மாணவர் பரிமாற்றம்
எல்லாம் முரண்டு பிடிக்காமல் ஒரே ராத்திரியில் தமிழுக்கு வந்துவிட்டன.
‘நெகாரா அசால்’ மட்டும் வரவில்லை.

தாயகம் என்று எழுதினேன். அடித்தேன்.
பூர்வீக நாடு: அதில் நில வழக்கு வாசம்.
வந்த நாடு? வந்தது யார்?
நான் வந்தது அரசு மருத்துவமனையிலிருந்து,
துண்டில் சுற்றி, அப்பாவின் கப்சாய் மோட்டாரில்.
மணி இரண்டு. தாயகம் என்றே விட்டுவிட்டேன்.
தூக்கம் வந்தது, அவ்வளவுதான் காரணம்.

சென்னையிலிருந்து ஐந்து பேர்.
வேனில் ஒருவருக்கு வழியெல்லாம் வாந்தி.
நல்ல மனிதர்கள்தான். செயலாளர் அம்மாள்
வாசலில் மாலையோடு நின்ற பிள்ளைகளிடம்
‘எவ்வளவு சுத்தமா தமிழ் பேசுறீங்க’ என்றார்.
மூன்று வாரம் பயிற்சி.

ஆட்சிக்குழு உறுப்பினர் டத்தோ ரஸ்லான்
உறவு என்றார், உறவு என்றேன்.
பாலம் என்றார், பாலம் என்றேன்.
தோட்டத்துக்குப் போகும் பாலத்தில்
லாரி ஏறக்கூடாதென்று பலகை வைத்து நான்கு வருஷம்.
அதை அவர் சொல்லவில்லை,
சொல்லாததை மொழிபெயர்ப்பது என் வேலையில்லை.

கேள்விக்குப் பத்து நிமிஷம்.
மூன்றாம் வரிசையில் இருசம்மாள் எழுந்தார்,
சிவப்பு அடையாள அட்டையைப்
பிளாஸ்டிக் உறையோடு உயர்த்திப் பிடித்தபடி.

‘நாலாவது பிரிவுல விசா சுலபம்னு வாசிச்சாங்க, சந்தோசம்.
எனக்குப் பாஸ்போட்டு இல்ல.
இங்கதான் பொறந்தேன், பதியல.
நாப்பது வருசமா மனு போடுறேன்.
இவங்க எங்க ஆளு இல்லங்கிறாங்க.
நீங்க தாயகம்ங்கிறீங்களே,
நான் ஒங்க ஆளா?’

காற்றாடியின் சத்தம் கேட்டது.
செயலாளர் அம்மாளுக்கு நான் தேவைப்படவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.
‘அம்மா, உங்க சொந்த ஊர் எது?’
‘பன்னெண்டாம் நம்பர் லயம்.’

சிரித்தார்கள். இருசம்மாள் சிரிக்கவில்லை,
கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தார்.

டத்தோ என் பக்கம் சாய்ந்தார்: என்ன கேட்கிறார்?
முழுக் கேள்வியும் என் வாயில் இருந்தது, மலாயில்,
கடைசி வரி உட்பட.
‘ஆவணம் பற்றி ஒரு சந்தேகம்’ என்றேன்.
பதிவிலாகாவுக்குப் போகச் சொல்லுங்கள் என்றார், கனிவாகத்தான்.
அதை ஒரு சொல் விடாமல் தமிழாக்கினேன்.

கையெழுத்தானது. பேனா மாற்றிக்கொண்டார்கள்.
பொன்னாடை டத்தோவின் தோளிலிருந்து
வழுக்கிக்கொண்டே இருந்தது.
இந்தியக் கொடி வந்து சேர்ந்தபோது
வேன் நெடுஞ்சாலை ஏறிவிட்டிருந்தது.
மரக்கட்டையில் செருகிப் பார்த்தோம். ஓட்டை சரியாக இருந்தது.

மூன்று மணி வெயிலில் பஸ் நிறுத்தத்தில் இருசம்மாள்,
மிச்சமான நாசி லெமாக் இரண்டு பொட்டலத்தோடு.
காரை நிறுத்தினேன், ஏறிக்கொண்டார்.
பலகை வைத்த பாலம் வரை பேச்சில்லை.

‘மலாயில என்னா சொன்னே? ரொம்பச் சின்னதா இருந்துச்சே.’
மலாய் அப்படித்தான்க்கா, சுருக்கமான மொழி.
‘எனக்கும் மலாய் தெரியும்ப்பா’ என்றார்,
ஒரு பொட்டலத்தை என் முன்னால் வைத்தபடி.
‘பசியாறு. ஆறிடப்போவுது.’